லேசர் படகு ஏன் பின்தங்குகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை பாய்மரப் படகு ரேஸில் கடைசியாக வந்தவர் வீட்டுக்குப் போனதும் புதுப் பாயின் விலையைத் தேடுவார். கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்தவரை, பொழுதுபோக்காக ஓட்டும் நம்மைப் போன்றவர்களின் படகு பின்தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்னக் கசிவு, பாதி இறங்கிய சுக்கான், அல்லது தளர்ந்துபோன ஒரு கயிறு. இதையெல்லாம் பார்க்காமல் புதுப் பாய் போட்டால் பணம் போகும், படகு அதே வேகத்தில்தான் போகும்.

லேசர் என்று நாம் இன்னும் கூப்பிடும் இந்தப் படகுக்கு இப்போது இல்கா என்று பெயர். கனடாக்காரர் புரூஸ் கிர்பி 1969இல் வரைந்தது. நீளம் 4.2 மீட்டர், வெற்று ஹல் (படகின் உடல்) சுமார் 59 கிலோ, ஒரே ஆள், ஒரே பாய். ஹல் எல்லாருக்கும் ஒன்றுதான். கீழ் மாஸ்டையும் (பாய்மரத்தின் கீழ்த்துண்டு) பாயையும் மாற்றினால் இல்கா 4 (4.7 சதுர மீட்டர்), இல்கா 6 (5.76), இல்கா 7 (7.06) என்று மூன்று வகையாகிவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஓட்டியது இதே ஹல்லைத்தான்.

எல்லாப் படகும் ஒரே மாதிரி என்பதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஏறத்தாழ உங்கள் எடையுள்ள ஒரு நண்பரோடு அரை மணி நேரம் படகை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் படகில் வந்தும் பின்தங்கினால் கோளாறு படகில் இருக்கிறது. நீங்கள் அவர் படகிலும் பின்தங்கினால் பாயை வைத்திருக்கும் விதத்திலோ, உட்காரும் விதத்திலோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பல மாதம் தவறான இடத்தில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னைத் துறைமுகத்துக்குள்ளும் அதற்கு வெளியே உள்ள கடலிலும் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏரியில் ஓட்டுகிறவர்கள் உப்பைப் பற்றிச் சொல்வதை மட்டும் விட்டுவிடலாம்.

படகு போன மாதத்தைவிட மந்தமாக இருக்கிறது, அலையில் ஏறமாட்டேன் என்கிறது

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கரைக்கு வந்ததும் பின்பலகையில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து, அணியத்தை (முன்முனையை) நன்றாகத் தூக்கிப் பிடியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் கவலை இல்லை. ஒரு சொம்பு வந்தால் எங்கோ கசிகிறது. அரை வாளி வந்தால், காரணம் தெரியும்வரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

ஆறு லிட்டர் தண்ணீர் என்றால் ஆறு கிலோ. 59 கிலோ ஹல்லில் அது பத்தில் ஒரு பங்கு. அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் இருக்கவும் செய்யாது. அணியம் அலையில் இறங்கும்போது முன்னால் ஓடி இன்னும் அழுத்தும். படகு சாயும்போது சாயும் பக்கமே சேர்ந்து இன்னும் சாய்க்கும். நீங்கள் எவ்வளவு வெளியே தொங்கி உட்கார்ந்தாலும் அது எதிர்வேலை செய்துகொண்டே இருக்கும்.

என் படகு ஒரு சீசன் முழுக்க இப்படி இருந்தது. எனக்கு உடம்பில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டிராலியில் ஏற்றும்போது, படகுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பின்பக்கத்தைத் தூக்கியவர் அப்படியே கீழே வைத்துவிட்டு, "தம்பி, படகு தண்ணி குடிச்சிருக்கு" என்றார். அவர் காசிமேட்டுக்காரர், சின்ன வயதிலிருந்து கடலில் இருப்பவர். கையில் எடை தெரிந்துவிட்டது அவருக்கு. பிளக்கைத் திறந்தோம். தண்ணீர் நிற்பதாகவே இல்லை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். காலையில் நிழலில் வைத்து, காக்பிட்டின் (ஓட்டுகிறவர் கால் வைக்கும் பள்ளத்தின்) முன்சுவரில் மேல் ஓரமாக இருக்கும் சின்னக் காற்றுத் துளையை டேப்பால் மூடுங்கள். டிரெயின் ஓட்டையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டி, வாயால் நாலைந்து தடவை ஊதுங்கள். வாயால் ஊதுவதே போதும். பஞ்சர் கடை கம்ப்ரெசரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், ஹல்லும் டெக்கும் (மேல்தளமும்) சேரும் ஒட்டு பிளந்துவிடும். ஊதிய குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்த தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போங்கள். டெக் ஓர ஒட்டு, சுக்கான் மாட்டும் பிடிகளின் ஸ்க்ரூ, காக்பிட் அடியில் பெய்லர் (தண்ணீரை வெளியேற்றும் வால்வு), டேகர்போர்டுப் (படகின் நடுவில் கீழே இறக்கும் பலகை) பெட்டியின் மேல் விளிம்பும் அடி விளிம்பும், ஹைக்கிங் ஸ்ட்ராப் (வெளியே தொங்கும்போது காலை மாட்டும் பட்டை) ஸ்க்ரூ, டெக்கில் இருக்கும் ஒவ்வொரு கிளீட் (கயிற்றைக் கவ்வி நிறுத்தும் பிடி). குமிழி வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். சோதனை முடிந்ததும் காற்றுத் துளையின் டேப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அது அடைத்திருந்தால் நம்மூர் வெயிலில் உள்ளே காற்று விரிந்து ஒட்டுக்களைத் தள்ளும்.

ஸ்க்ரூ வழியாக வரும் கசிவு சுலபம். ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டையை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, கடலுக்கு ஏற்ற சீலண்ட் வைத்துத் திரும்ப முடுக்கினால் சரி. டிரெயின் பிளக்கின் ரப்பர் வளையம் தட்டையாகிப் போயிருந்தால் அதை மாற்றுங்கள். பல சமயம் கதை அதோடு முடிந்துவிடும்.

குமிழி எங்கும் வரவில்லை, ஆனால் தண்ணீர் வருகிறது

மாஸ்ட் செருகும் குழியைப் பாருங்கள். இதைத் தனித் தலைப்பாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்றக் கசிவெல்லாம் படகை மெதுவாக்கும். இந்தக் கசிவு ஒருநாள் பலத்த காற்றில் மாஸ்டை டெக்கோடு பிய்த்துக்கொண்டு போகும்.

குழிக்குள் நல்ல தண்ணீரை விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை ஊற்றுங்கள். மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்பின் அடி விளிம்பில் தண்ணீர் இன்னும் தொட்டுக்கொண்டு பளபளத்தால் குழி நன்றாக இருக்கிறது. நூல் அளவு இறங்கியிருந்தாலும் விரிசல் இருக்கிறது. என் படகில் ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் நகத்தின் உயரத்துக்கு இறங்கியிருந்தது. குழியின் அடியில் விரலை விட்டுத் துழாவினேன். மாஸ்டின் அடிவிளிம்பு வட்டமாக ஒரு பள்ளத்தைத் தேய்த்து வைத்திருந்தது. அந்தப் பள்ளம் முழுக்கக் கடற்கரை மணல்.

மணல்தான் எதிரி. மாஸ்டை மணலில் படுக்கவைத்துவிட்டு அப்படியே தூக்கிக் குழிக்குள் விடுகிறோம். படகு போகும் நேரமெல்லாம் மாஸ்ட் குழிக்குள் திரும்பித் திரும்பி உப்புத்தாள் போல் தேய்க்கிறது. அதனால் செருகுவதற்கு முன் மாஸ்டின் அடியில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர், குழிக்குள் ஒரு சொம்பு, பிறகு பஞ்சால் ஒற்றி எடுப்பது. குழியின் அடியில் போடும் பிளாஸ்டிக் வட்டு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

விரிசல் இருந்தால் என்ன செய்வது? மாஸ்ட் குழிக்குப் பக்கவாட்டில் டெக்கில் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ஹாட்ச் (மூடியுள்ள திறப்பு) வெட்டி, உள்ளிருந்து கையை விட்டுச் சரிசெய்ய வேண்டும். ஹாட்ச் வைக்க இந்த வகைப் படகுகளுக்கான வகுப்பு விதியில் இடம் உண்டு. அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று இப்போதைய விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். பொதுவாக எந்தப் பழுதுபார்ப்பிலும் படகின் அசல் உருவமும் தன்மையும் மாறக்கூடாது என்பதுதான் விதியின் சாரம்.

வெட்டியதும் அவசரப்படாதீர்கள். உள்ளே முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், ஏனென்றால் உப்பு இருக்கும்வரை ஃபைபர் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஹாட்ச் வாயில் டேபிள் ஃபேனை வைத்து, டிரெயின் பிளக்கைத் திறந்துவிட்டு, ஒரு வாரமாவது ஓடவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், காயவே காயாது. பங்குனி, சித்திரைதான் இதற்குக் காலம்.

ஆனால் சித்திரை வெயிலில் எபாக்ஸிக்கு வேறு குணம். பிசினையும் ஹார்டனரையும் ஆழமான டம்ளரில் நிறையக் கலந்தால் சில நிமிடத்தில் சூடேறிப் புகைந்து கெட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில், விடியற்காலையில் கலக்குங்கள். விகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பழைய பரப்பை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, மாஸ்ட் குழியின் குழாய் ஹல்லின் அடியோடு சேரும் இடத்தில் கெட்டியான எபாக்ஸிக் கலவையால் வளைவாக அணைத்து, அதன் மேல் கண்ணாடி நாரிழைத் துணி இரண்டு மூன்று அடுக்கு. இது கையால் பழக வேண்டிய வேலை. முதல் தடவை செய்கிறவர்கள் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியதும் ஒரு வாரம் விட்டுவிட்டு அதே தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைக்கழி) கையை இழுக்கிறது, விட்டால் படகு காற்றை நோக்கித் திரும்புகிறது

இரண்டு காரணம். இரண்டும் பணச்செலவு இல்லாதவை.

ஒன்று, சுக்கான் பலகை முழுதும் இறங்கவில்லை. தண்ணீரின் வேகம் பலகையைப் பின்னால் தள்ளும். பிடித்திருக்கும் கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் பலகை சாய்ந்துவிடும். சாய்ந்த பலகையின் அழுத்தம் அச்சுக்கு வெகு பின்னால் விழுவதால் டில்லர் இரும்பாகக் கனக்கும். கரையில் படகை ஒருக்களித்துப் போட்டு, சுக்கானை மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். இப்போது பலகையின் நுனியை உள்ளங்கையால் மேலே தள்ளிப் பாருங்கள். ஒரு விரல் அளவு அசைந்தாலும் கிளீட் வழுக்குகிறது அல்லது கயிறு நீள்கிறது. நீளாத கயிறு போட்டு, நடு போல்ட்டைக் கொஞ்சம் முடுக்குங்கள். அதோடு, டில்லர் சுக்கான் தலைக்குள் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் படகு சொல்வது உங்கள் கைக்கு வந்து சேராது.

இரண்டு, படகு சாய்ந்திருக்கிறது. சாய்ந்த ஹல் தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். நாம் சுக்கானால் அதைத் தடுக்கிறோம், அது பிரேக் போட்டபடி ஓட்டுவது மாதிரி. "நேராகத்தானே ஓட்டுகிறேன்" என்று எல்லாருக்கும் தோன்றும். கரையிலிருந்து ஒருவரை அலைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்குப் படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. நான் நேர் என்று நினைத்தது பதினைந்து டிகிரி சாய்வு. காற்று அடித்து வரும்போது முதலில் ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) ஒரு சாண் விடுங்கள், கூடவே வெளியே சாயுங்கள், படகு நிமிர்ந்ததும் திரும்ப இழுங்கள். படகு நிமிர்ந்திருக்கும்போது டில்லரை இரண்டு விரலால் பிடிக்க முடிய வேண்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த படகு திடீரென்று யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல் ஆகிறது

பிளாஸ்டிக் பை, அல்லது அறுந்த வலை நூல். மழைக்குப் பிறகு ஆறுகள் கொட்டுவதெல்லாம் கடலுக்கு வருகிறது, வாரக்கணக்கில் மிதக்கிறது. டேகர்போர்டை ஒரு சாண் தூக்கி இறக்குங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும். சுக்கானில் மாட்டியிருந்தால் டில்லரை இரண்டு பக்கமும் வேகமாக ஆட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் காற்றுக்கு நேரே நிறுத்தி, பாயைக் கையால் ஒரு பக்கமாக வெளியே தள்ளிக் கொஞ்சம் பின்னால் போகவிடுங்கள். ரேஸ் தொடங்கும் முன் நாலு நிமிடக் கொடி ஏறியதும் இதை ஒரு தடவை செய்வதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

எடுத்த பையைத் திரும்பக் கடலில் போடாதீர்கள். காக்பிட்டில் காலுக்கடியில் கிடக்கட்டும்.

அப்விண்டில் (காற்று வரும் திசை நோக்கி ஏறும்போது) மற்றவர்கள் எனக்கு மேலே ஏறிப் போகிறார்கள்

முதலில் டிராவலர் கயிற்றைப் பாருங்கள். பின்னால் டில்லருக்கு மேலே முக்கோணமாகப் போகும் அந்தக் கயிறு தம்பூராக் கம்பி மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் பிளாக் (கப்பி) நடுவுக்கு ஏறி வந்துவிடும். பூமைக் (பாயின் அடிக்கழியை) கீழே இழுக்க வேண்டிய பலமெல்லாம் வீணாகும். இறுகியிருந்தால் பிளாக் ஓரத்துக்குப் போய் நிற்கும், பூம் தாழ்ந்து பாய் சரியான வடிவத்துக்கு வரும்.

அடுத்து வாங் (பூம் மேலே எழும்பாமல் இழுத்துப் பிடிக்கும் கயிறு). நடுத்தரக் காற்றில் எளிய அளவு இது: பூம் முனைப் பிளாக்கும் டிராவலர் பிளாக்கும் முட்டும்வரை ஷீட்டை இழுங்கள், அந்த நிலையில் வாங் கயிற்றில் தொங்கும் தளர்ச்சியை எடுத்துக் கட்டுங்கள். காற்று பலத்தால் இன்னும் கூட்டுங்கள். அப்போதுதான் ஷீட்டை விடும்போது பூம் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் போகும். பாய் தட்டையாகவே இருக்கும். காற்று மெலிந்தால் பிளாக்கை முட்ட விடாதீர்கள், பாயின் பின்விளிம்பு மூடிக்கொண்டு படகு செத்துப்போகும்.

கன்னிங்ஹாம் (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) பற்றிப் பாயே சொல்லும். மாஸ்டை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு விழுந்தால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள். மாஸ்டிலிருந்து பக்கவாட்டில் சுருக்கங்கள் ஓடினால் போதவில்லை. மெல்லிய காற்றில் மட்டும் இந்தச் சுருக்கங்களை அப்படியே விடலாம். காற்று தாங்க முடியாமல் போனால், ஷீட்டை விடுவதற்கு முன் கன்னிங்ஹாமை இழுத்துப் பாருங்கள். பாயின் மேல்பகுதி திறந்து காற்றை வெளியே விடும். எடை குறைவானவர்களுக்கு இதைவிட நல்ல நண்பன் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஏற முடியவில்லையா? அலையில் மிகக் கூர்மையாக ஏற முயல்கிறீர்கள். துறைமுகத்துக்குள் அலை கல்சுவரில் மோதித் திரும்பி வந்து குழம்பிக் கிடக்கும். அங்கே அணியத்தைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்கி இறக்கி, ஷீட்டை ஒரு கை விட்டு, முதலில் வேகம் எடுங்கள். டேகர்போர்டு வேகம் இருந்தால்தான் பிடிக்கும். பாயில் ஒட்டிய கம்பளி நூல்களில் காற்று வரும் பக்கத்து நூல் சும்மா மேலே எழும்பிக்கொண்டே இருந்தால் நீங்கள் ஏறியது அதிகம். மறுபக்கத்து நூல் துடித்தால் இறங்கியது அதிகம்.

ஒரு டாக்கில் (காற்று ஒரு பக்கத்திலிருந்து வரும்போது) நன்றாகப் போகிறது, மறு டாக்கில் மெதுவு

படகைச் சந்தேகப்படுவதற்கு முன் கடலைப் பாருங்கள். கோடையில் மதியம் உள்ளே வரும் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்காக இருக்கும். அதே நேரம் தெற்கிலிருந்து ஒரு நீண்ட அலை வந்துகொண்டிருந்தால், துறைமுகத்துக்கு வெளியே போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கம் வரும்போது) தெற்கு நோக்கிப் போகும்போது அந்த அலை ஏறத்தாழ நேர் முகத்தில் மோதும். ஸ்டார்போர்டு டாக்கில் (காற்று வலப்பக்கம் வரும்போது) பக்கவாட்டில் தூக்கிவிட்டுப் போகும். ஆகையால் இரண்டு டாக்குக்கும் ஒரே பாய் அமைப்பு சரிவராது. போர்ட்டில் வாங்கையும் கன்னிங்ஹாமையும் கொஞ்சம் தளர்த்தி, பாயில் பள்ளம் வைத்து, அலையை உடைத்துப் போகும் பலம் கொடுக்க வேண்டும்.

பக்கத்துப் படகுக்கு இந்த வித்தியாசம் இல்லையென்றால் மேல் மாஸ்ட் வளைந்திருக்கலாம். பாயைக் கழற்றிவிட்டு, மேல் மாஸ்டைச் சமமான சிமென்ட் தரையில் உருட்டுங்கள். நேரான குழாய் சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தொப் தொப்பென்று அடித்துக்கொண்டு போகும்.

மாஸ்டிலும் பூமிலும் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி

அலுமினியத்தில் எஃகு பட்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அலுமினியம் தின்னப்படும். அந்த வெள்ளைப் பொடி உங்கள் மாஸ்ட்தான். சீசனுக்கு ஒருமுறையாவது கூஸ்நெக்கையும் (பூம் மாஸ்டோடு சேரும் மூட்டு) வாங் பிடியையும் ஆட்டிப் பாருங்கள். ரிவெட் ஆடினால் துளைத்து எடுத்து, பொடியைச் சுரண்டி, இரண்டு உலோகமும் ஒட்டாமலிருக்க அதற்கென்று கிடைக்கும் பசையைத் தடவி, மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட் அடியுங்கள். ஹார்டுவேர் கடை அலுமினிய ரிவெட் இங்கே நிற்காது.

மேல் மாஸ்டின் அடிப்பக்கம் பிளாஸ்டிக் காலரைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் பாருங்கள். மாஸ்ட் வளையும்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் தொடங்கும், அதுவும் ஓட்டை இருக்கும் இடத்தில். ஆகவே மாஸ்டைச் சேர்க்கும்போது அந்த ரிவெட் பின்னால் பார்க்கும்படி திருப்பிச் செருகுங்கள்.

வாங் தானாகத் தளர்கிறது, கிளீட் பிடிக்கவில்லை

பல் தேய்ந்திருக்கும் அல்லது உப்பு இறுகியிருக்கும். வெந்நீர் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் வழுக்கினால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் விடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும்.

காக்பிட்டில் தண்ணீர் வடியவில்லை

பெய்லர் படகு ஓடும்போதுதான் உறிஞ்சும். நின்ற படகில் தண்ணீர் மேலே வருவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஓடும்போதும் வடியாவிட்டால் அடியில் மணலோ பாசியோ அடைத்திருக்கும்.

ஜைபில் (பின்காற்றில் பாயைப் பக்கம் மாற்றும்போது) மெயின்ஷீட் பின்மூலையில் மாட்டிக்கொள்கிறது

லேசர் ஓட்டிய எல்லாருக்கும் நடந்திருக்கும். பூம் கடக்கும்போது ஷீட் தொங்கி, பின்பலகையின் மூலையைச் சுற்றிக்கொள்ளும். பூம் பாதியில் நிற்கும், அடுத்த நொடி தண்ணீரில் இருப்பீர்கள். மருந்து ஒன்றுதான். பூம் கடக்கப் போகிறது என்று தெரிந்த கணத்தில், பூமிலிருந்து காக்பிட்டுக்கு இறங்கி வரும் ஷீட்டைக் கையால் ஒரு முழம் வெடுக்கென்று இழுத்துவிடுங்கள். தொங்கல் போய்விடும். கரையில் டிராலியில் வைத்தே நூறு தடவை கைப்பழக்கம் செய்யலாம். மெதுவாக ஜைப் செய்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். படகு முழு வேகத்தில் இருக்கும்போதுதான் பாயில் அழுத்தம் குறைவு, ஜைப் சுலபம்.

பின்காற்றில், காற்று வரும் பக்கமாகவே கவிழ்கிறது

படகு இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாகி, கடைசியில் உங்கள் மேலேயே சாய்ந்துவிடும். மூன்றைப் பாருங்கள். ஷீட்டை அதிகமாக விட்டதால் பூம் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிப் போயிருக்கிறதா? வாங் தளர்வாக இருந்து பாயின் மேல்பகுதி முன்னால் திரும்பிவிட்டதா? டேகர்போர்டை முழுதும் தூக்கிவிட்டீர்களா? பலத்த காற்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தூக்கினால் போதும். ஆட்டம் தொடங்கிவிட்டால் உடனே ஷீட்டை இரண்டு முழம் இழுத்து, படகைக் கொஞ்சம் காற்றை நோக்கித் திருப்புங்கள். பயத்தில் ஷீட்டை விடத்தான் கை போகும். அது நேர் எதிர்ப் பலன் தரும்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: மாஸ்ட் கவிழும்போது வெளியே வராதபடி கயிறு கட்டியிருக்க வேண்டும். சுக்கானைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் வேலை செய்ய வேண்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், காக்பிட்டில் கிடக்கக்கூடாது. கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள்.

காற்றுக்கு நேரே மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது

டில்லரையும் பூமையும் உங்களிடமிருந்து தள்ளுங்கள். படகு பின்னால் போய்க்கொண்டே திரும்பும். திரும்பியதும் இரண்டையும் உங்களிடம் இழுங்கள். தள்ளு தள்ளு, இழு இழு, அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டில் எப்போதும் இரண்டாம் வரிசை

ஐந்து நிமிடத்தில் வகுப்புக் கொடி, நாலில் தயார்க் கொடி, ஒரு நிமிடத்தில் தயார்க் கொடி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கி ஸ்டார்ட். இந்த ஐந்து நிமிடத்தையும் பலர் சுற்றிச் சுற்றி ஓட்டியே கழிக்கிறார்கள். நாலு நிமிடம் இருக்கும்போது ஸ்டார்ட் கோட்டின் நடுவில் படகைக் காற்றுக்கு நேரே நிறுத்துங்கள். அணியம் எந்த முனைப் பக்கம் சாய்ந்து காட்டுகிறதோ அந்த முனைதான் காற்றுக்கு அருகில். அங்கிருந்து கிளம்புகிறவருக்கு மேலே போகும் தூரம் குறைவு. ஆனால் எல்லாரும் அங்கேதான் குவிவார்கள், ஆகவே அந்த முனையிலிருந்து நாலைந்து படகு நீளம் தள்ளி இடம் பிடியுங்கள்.

அடுத்து, கோடு எங்கே என்று தெரிந்துகொள்வது. கோட்டின் ஒரு முனைக்கு வெளியே போய் நின்று, மறுமுனை மிதவைக்கு நேர் பின்னால் கரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு கிரேன், ஒரு கிடங்கின் மூலை, ஏதாவது. கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போது கமிட்டிப் படகு தெரியாது, ஆனால் மிதவையும் கிரேனும் தெரியும். பெரும்பாலானோர் கோட்டுக்கு ஒரு படகு நீளம் பின்னாலேயே நின்று, முன்னால் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். கிரேன் தெரிந்தவர் அந்த இடைவெளியில் முன்னேறலாம்.

கடைசி ஒரு நிமிடத்தில் உங்களுக்குக் கீழே, காற்று போகும் பக்கத்தில், ஒன்றரைப் படகு அகலமாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு விநாடி இருக்கும்போது அந்தக் காலி இடத்தை நோக்கி அணியத்தைத் திருப்பி, ஷீட்டை இழுத்து, வேகம் எடுங்கள். அந்த இடம் இல்லாதவர் பூஜ்யத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவார், நீங்கள் ஓடிக்கொண்டே கோட்டைத் தாண்டுவீர்கள்.